தியானத்தில் ‘ஏன்’ என்று கேட்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. பதற்றம் குறைவதற்காக மூன்று மாதமாகத் தினமும் 15 நிமிடம் மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் தியானம்) பயிற்சி செய்கிறேன். ‘மனதில் எழுவதை ஆர்வத்தோடு பாருங்கள், உங்களை நீங்களே கேள்வி கேளுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால், ‘எனக்கு ஏன் இந்தப் பயம் வருகிறது?’ என்று கேட்க ஆரம்பித்தால் பழைய சம்பவங்கள் வரிசையாக வருகின்றன. எழும்போது முன்பைவிடக் குழப்பமாக இருக்கிறது. நான் தவறாகச் செய்கிறேனா?

மருத்துவர் பதில்: கேள்வி கேட்பதில் தவறில்லை. நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ‘ஏன்’தான் சிக்கல்.

‘ஏன்’ என்றதும் மனம் காரணம் தேடக் கிளம்பிவிடும். காரணம் சட்டென்று கிடைக்காது. அதற்காக அது சும்மா திரும்பி வருவதும் இல்லை, ஒரு கதையைக் கட்டிக்கொண்டு வரும். ‘சின்ன வயதில் அப்படி நடந்ததால்தான்’, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று. தியானத்துக்கு உட்கார்ந்தவர் விசாரணைக் கமிஷனில் போய் நிற்பீர்கள். ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது பதற்றத்தையும் மனச்சோர்வையும் நீடிக்க வைக்கும் பழக்கம். செய்யும்போது உருப்படியாக ஏதோ யோசிப்பதுபோலவே தோன்றுவதால் பலருக்கு இது பிடிபடுவதில்லை.

அதனால் கேள்வியை மாற்றிப் பாருங்கள். பயம் இப்போது உடம்பில் எங்கே தெரிகிறது? தொண்டையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா? இறுக்கமா, சூடா, படபடப்பா? ஓரிடத்திலேயே நிற்கிறதா, நகர்கிறதா? மூச்சை விடும்போது கொஞ்சமாவது தளர்கிறதா? இதற்கெல்லாம் பதில் சொல்ல நினைவுகளைக் கிளற வேண்டியதில்லை, உடம்பைக் கவனித்தால் போதும். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதும் பதில்தான். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். நடுவில் கதை ஓட ஆரம்பித்தால், ‘சரி, கதை வந்துவிட்டது’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, தரையில் பதிந்திருக்கும் பாதங்களுக்குக் கவனத்தைக் கொண்டுவாருங்கள்.

இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘பயம் போய்விட்டதா?’ என்று நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பதை ஆர்வம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது பயத்தைத் துரத்தும் வேலை. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொன்னார். அவர்களால் முடியவில்லை. பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்றதும், தொடக்கத்திலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக அவர்கள் கரடியை நினைத்தார்கள். பயத்தைத் துரத்தினாலும் ஏறக்குறைய இதுதான் நடக்கும்.

அப்படியானால் ‘ஏன்’ என்று எப்போதுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம், பயிற்சி முடிந்த பிறகு. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி இன்று எட்டு வார வகுப்பாகப் பல நாடுகளில் நடக்கிறது. அதில் கண்மூடி அமர்ந்து முடித்த பிறகு, கவனித்தது என்ன என்று ஆசிரியரும் மாணவர்களும் பேசிக்கொள்வார்கள். தனியாகச் செய்பவர் நான்கு வரி எழுதி வைக்கலாம். பழைய சம்பவங்களைத் தோண்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், அதை ஒரு மனநல ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள்.

வரும் நினைவுகள் விபத்து, வன்முறை போன்றவையாக இருந்து, அது இப்போதே நடப்பதுபோல் உடம்பு நடுங்கினால் கண்ணைத் திறந்து அன்றைய பயிற்சியை அதோடு விட்டுவிடுங்கள். அப்புறம், நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்வையோடு மூச்சு வாங்கினால், ‘எங்கே தெரிகிறது’ என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் தியானத்தை நம்பி அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். அப்போதும் குழப்பத்தோடுதான் எழுகிறீர்கள் என்றால், தூக்கமோ வேலையோ கெடுகிறது என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். பதற்றத்துக்குப் பேச்சு சிகிச்சை, மருந்து இரண்டுமே நன்றாகப் பலன் தருபவை.