வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

ஓசூர் ஆலையொன்றில் மூன்று வருஷமாக உற்பத்திப் பிரிவில் வேலை பார்க்கும் மெக்கானிக்கல் பையன், ஃபைனான்ஸ் அனலிஸ்ட் ஆக வேண்டும் என்கிறான். சித்தப்பா, "20 லட்சம் ஆனாலும் பரவாயில்லை, பெரிய காலேஜில் எம்.பி.ஏ. சேர்த்துவிடுங்கள்" என்கிறார். கடனுக்கு அடமானம் வைக்க அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டார். அம்மாவுக்கோ, பி.இ. படித்தது வீணாகிறதே என்ற கவலை.

வீணாகாது அம்மா. ஆனால் அந்தக் கடன் வேண்டாம். 20 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 27,500 ரூபாய். படிக்கிற இரண்டு வருஷமும் அவன் சம்பளம் நின்றுவிடும். வயதான காலத்தில் நீங்கள் இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

எம்.பி.ஏ., சி.ஏ., சி.எஃப்.ஏ. பற்றி ஊரே பேசுகிறது, அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பேச்சில் வராதது சி.எம்.ஏ., பொருளைத் தயாரிக்க ஆகும் செலவைக் கணக்கிடுவதையும் நிர்வாகக் கணக்கையும் சொல்லித்தரும் படிப்பு, அதாவது பழைய ஐ.சி.டபிள்யூ.ஏ. பி.இ. முடித்தவர் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம், வேலையை விட வேண்டியதில்லை. ஜூன் தேர்வுக்கு ஜனவரி 31-க்குள்ளும் டிசம்பர் தேர்வுக்கு ஜூலை 31-க்குள்ளும் பதிய வேண்டும். இன்டரில் எட்டுத் தாள், ஃபைனலில் எட்டுத் தாள், நாலு நாலு தாளாக ஒரு குரூப். இவற்றோடு 15 மாத நடைமுறைப் பயிற்சியும் உண்டு. கோச்சிங் இல்லாமல் படித்தால் மொத்தச் செலவு ஒரு லட்சத்துக்குள் அடங்கும். யு.எஸ். சி.எம்.ஏ. என்று விளம்பரத்தில் வருவது வேறு படிப்பு, பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஆலை தெரிந்தவனுக்கு இது ஏன் பொருந்தும்? 40 லட்ச ரூபாய் சி.என்.சி. மெஷின் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்), ஆயுள் பத்து வருஷம், வருஷத்துக்கு 5,000 மணி நேரம் ஓடுகிறது என்றால் தேய்மானம் மட்டும் மணிக்கு 80 ரூபாய். 4,000 மணி நேரமே ஓடினால் அது 100 ஆகிவிடும். இந்தக் கணக்கை காமர்ஸ் படித்தவரும் போடுவார். ஆனால் அந்த 1,000 மணி நேரம் எங்கே போனது, டூல் உடைந்ததா, செட்டிங் மாற்றவே நேரம் போனதா, மூலப்பொருள் வரவில்லையா என்பது லைனில் நின்றவனுக்குத்தான் தெரியும். பட்ஜெட்டுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் சொல்வதுதான் அனலிஸ்ட்டின் அன்றாட வேலை.

சறுக்குகிற இடம் கணக்குப்பதிவியல். டெபிட், கிரெடிட் தெரியாமல் இன்டர் புத்தகத்தைத் திறந்தால் பத்தாம் பக்கத்திலேயே மூடிவிடுவான். தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் இரண்டு மாதம் அதில் ஜர்னல், லெட்ஜர், இறுதிக் கணக்கு எல்லாவற்றையும் கையால் போட்டுப் பழகட்டும்.

ஷிஃப்ட் வேலையோடு இரண்டு குரூப்பையும் ஒரேயடியாக எழுத வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் 40 வாங்கினால் போதாது, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். நாலு தாளிலும் 48 எடுத்தால் 192, குரூப்பே ஃபெயில். ஒரு தாளில் 60 எடுத்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அதனால் முதல் குரூப்பில் காஸ்ட் அக்கவுன்டிங்கை 60-க்கு மேல் கொண்டுபோகும்படி படிக்கட்டும். பொறியாளருக்கு அது எட்டுகிற மதிப்பெண்தான்.

அவன் நைட் ஷிஃப்டுக்குப் பயந்து ஓடுகிறானா, கணக்கில் உண்மையாகவே ஆசையா என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். மாதக் கணக்கு முடிக்கிற நாட்களில் ஃபைனான்ஸிலும் ராத்திரி பத்து மணி ஆகும். ஆசை இருக்கிறது என்றால் சித்தப்பா, மாமா யாரும் குறுக்கே வரக் கூடாது, நீங்களும்தான்.

வேலை மாற்றத்துக்கு முதலில் வெளியே தேட வேண்டாம். தன் லைனில் ஆறு மாதம் விழுந்த ஸ்கிராப்பை, அதாவது வீணான பொருளை, கிலோவில் எழுதி, பக்கத்திலேயே ரூபாயில் போட்டு, எந்தப் பார்ட், எந்த மெஷின், என்ன காரணம் என்று ஒரே எக்செல் ஷீட்டில் தயாரிக்கட்டும். தன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு ஆலையின் செலவுக் கணக்கைப் பார்க்கும் காஸ்டிங் மேனேஜரைப் போய்ப் பார்க்கட்டும்.