கணினி கேள்வி–பதில்: கோப்பின் பெயர் தொலைந்தால் கணக்கும் தொலைந்ததா?

கேள்வி: எங்கள் ஜவுளி மொத்த வியாபாரக் கடையில், உபுண்டு லினக்ஸ் சர்வரில் மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தள மென்பொருள் ஓடுகிறது. மின்தடையின்போது யுபிஎஸ்ஸும் கைவிட, சர்வர் சட்டென நின்றுவிட்டது. மறுபடி இயக்கியபோது, கோப்பு முறைமையைச் சரிபார்த்துப் பழுதுநீக்கும் எஃப்எஸ்சிகே நிரல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ‘ஆம்’ என்று கொடுத்துவிட்டோம். இப்போது தரவுத்தளம் இருந்த கோப்புறையையே காணவில்லை. ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்ற கோப்புறைக்குள் ‘#’ குறியும் எண்ணுமாக நூற்றுக்கணக்கான கோப்புகள் கிடக்கின்றன. பேக்கப் பழையது. பில்களையும் பாக்கிக் கணக்கையும் மீட்க வழி உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வழி உண்டு, ஆனால் அந்த வட்டில் இனி எதையும் எழுதவிடாதீர்கள். சர்வரை நிறுத்தி, வட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு வட்டுக்கும் பிரதி எடுங்கள். அந்தப் பிரதிக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மீட்பு வேலை முழுவதையும் அதில் மட்டும் செய்யுங்கள். இழப்பு பெரிதாவது பெரும்பாலும் பழுதினால் அல்ல, பழுதுக்குப் பிறகு அவசரத்தில் மூல வட்டிலேயே செய்யும் முயற்சிகளால்தான்.

லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் கோப்புறையில் எழுதப்படுகிறதே தவிர, கோப்பின் இருப்பிடத்தைச் சொல்லும் ஐநோடில் எழுதப்படுவதில்லை. கோப்புறை சிதைந்துவிட்டால் எஃப்எஸ்சிகே அநாதையான ஐநோடுகளைத் திரட்டி, அவற்றின் எண்ணையே பெயராக வைத்து லாஸ்ட்+ஃபவுண்டில் போட்டுவிடுகிறது. கடையின் பெயர்ப்பலகை விழுந்திருக்கிறது. சரக்கு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அந்த ‘#’ உருப்படிகளில் சில கோப்புறைகளாகவே இருக்கக்கூடும் என்பதால் முதலில் அவற்றைத் திறந்து பாருங்கள். உங்கள் தரவுத்தளக் கோப்புறை அப்படி முழுதாக வந்திருந்தால் உள்ளிருக்கும் கோப்புகளின் பழைய பெயர்கள் அப்படியே இருக்கும், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இல்லையென்றால் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் கோப்புகளை அடையாளம் காண வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, தன் அட்டவணைகளை வழக்கமாக 16 கேபி அளவுள்ள பக்கங்களாக எழுதுகிறது. ஆகவே 16,384 பைட்டால் மீதமின்றி வகுபடாத கோப்புகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு பக்கத்தின் முதல் 4 பைட்டில், பக்கம் சிதைந்திருக்கிறதா என்று அறிய உதவும் சரிபார்ப்புத் தொகையும், அடுத்த 4 பைட்டில் பக்க எண்ணும், முதல் 34 பைட்டுகளுக்குப் பிறகு அந்தப் பக்கம் எந்த அட்டவணைக் கோப்பைச் சேர்ந்தது என்ற எண்ணும் இருக்கும். இது 8.0 பதிப்பாக இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. 5.7 வரை அட்டவணையின் அமைப்பு தனியாக ஓர் எஃப்ஆர்எம் கோப்பில் இருந்தது, 8.0இல் அட்டவணையின் பெயர், தரவுத்தளத்தின் பெயர், பத்திகளின் விவரம் அனைத்தும் தரவு இருக்கும் ஐபிடி கோப்புக்குள்ளேயே பதிவாகின்றன. மைஎஸ்கியூஎல்லுடனேயே வரும் ஐபிடி2எஸ்டிஐ என்ற கருவியை ஒவ்வொரு கோப்பின் மீதும் ஓட்டினால், எது பில் அட்டவணை, எது பாக்கி அட்டவணை என்று கோப்பே சொல்லிவிடும்.

இனி, அதே பதிப்பு மைஎஸ்கியூஎல்லை வேறொரு கணினியில் நிறுவி, அதே அமைப்பில் வெற்று அட்டவணைகளை உருவாக்குங்கள். பழைய பேக்கப் இங்கே பெரிதும் உதவும். தரவு பழையதானாலும் அட்டவணைகளின் அமைப்பு அதில் இருக்கிறது. அதற்குப்பின் நீங்கள் ஒரு பத்தியைச் சேர்த்திருந்தால் மட்டும் ஐபிடி2எஸ்டிஐ சொல்வதையே நம்புங்கள். அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பைச் சரிபார்க்கும் அந்நிய விசைச் சோதனையை அணைத்துவிட்டு, ‘டிஸ்கார்ட் டேபிள்ஸ்பேஸ்’ கட்டளையால் வெற்றுக் கோப்பை விலக்கி, மீட்ட கோப்பைச் சரியான பெயரில் அந்த இடத்தில் வைத்து, அதன் உரிமையை மைஎஸ்கியூஎல் பயனருக்கு மாற்றி, ‘இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ்’ கொடுங்கள். அட்டவணையின் அமைப்பை விவரிக்கும் சிஎஃப்ஜி கோப்பு இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். அட்டவணையின் அமைப்பு மிகச்சரியாகப் பொருந்தியிருந்தால் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

சில அட்டவணைகளில் நடுவே ஒரு பக்கம் கெட்டிருக்கலாம். அப்போது முழு அட்டவணையையும் படிக்க முயன்றால் சர்வரே விழுந்துவிடும். ‘இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி’ அமைப்பை 1 ஆக வைத்தால் கெட்ட பக்கத்தைத் தாண்டிச் செல்ல முயலும். அதுவும் போதவில்லையென்றால் பில் எண் வரிசையில் முன்னிருந்து படித்து நிற்கும் இடம் வரை எடுத்துக்கொண்டு, பிறகு கடைசி எண்ணிலிருந்து இறங்குவரிசையில் படித்து வாருங்கள். இடையில் விடுபடுவது அந்தப் பக்கத்திலிருந்த பில்கள் மட்டுமே. அந்த அமைப்பில் 4 முதல் 6 வரையிலான மதிப்புகள் தரவை நிரந்தரமாகச் சிதைக்கக்கூடியவை. பிரதியில்கூடக் கடைசி முயற்சியாகவே அவற்றைத் தொடுங்கள். கிடைத்ததை மைஎஸ்கியூஎல் டம்ப் என்ற கருவி மூலம் வெளியே எடுத்து, புதிய சர்வரில் ஏற்றுங்கள். பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பார்த்து, மின்தடை நாளின் கடைசிப் பில்களை அச்சிட்ட நகல்களோடு ஒப்பிட்ட பிறகே பாக்கித் தொகையை நம்பி வாடிக்கையாளரிடம் பேச வேண்டும்.

கேள்வி: தரவுத்தளக் கோப்புறையைத் தவறுதலாக அழித்துவிட்டேன். சர்வரில் இருப்பது எஸ்எஸ்டி வகை வட்டு. இந்த முறையில் மீட்க முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மைஎஸ்கியூஎல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தாதீர்கள். திறந்திருக்கும் கோப்புகளை லினக்ஸ் உடனே விடுவிப்பதில்லை. ஓடும் நிரல்களின் விவரங்களை லினக்ஸ் காட்டும் ‘ப்ராக்’ கோப்புறையில், மைஎஸ்கியூஎல்லுக்கு உரிய ‘எஃப்டி’ என்ற திறந்த கோப்புகளின் பட்டியலிலிருந்து அவற்றை வேறொரு வட்டுக்குப் படியெடுக்கலாம். தரவு எழுதப்பட்டுக்கொண்டே இருந்தால் பிரதி முன்பின் முரணாக வரும் என்பதால், முதலில் பில் போடுவதை நிறுத்துங்கள். நிரல் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தால் எஸ்எஸ்டியில் அவகாசம் மிகக் குறைவு. காலியான இடங்களை வட்டுக்குத் தெரிவிக்கும் ட்ரிம் வேலையை உபுண்டு வாரம் ஒருமுறை தானாகவே செய்கிறது. அது நடந்துவிட்டால் பழைய பக்கங்களை மீண்டும் படிக்க இயலாமல் போகும் வாய்ப்பே அதிகம். ஆகவே இன்றே சர்வரை அணைத்து, வட்டைக் கழற்றிப் பிரதி எடுங்கள். கோப்புகளாக எதுவும் மிஞ்சாவிட்டாலும், அன்டிராப் ஃபார் இன்னோடிபி என்ற கருவித்தொகுப்பின் ஸ்ட்ரீம் பார்சர், வட்டின் பிரதியை முதலிலிருந்து கடைசி வரை துழாவி, இன்னோடிபி பக்கங்களைப் பொறுக்கியெடுத்து, அவை எந்த இன்டெக்ஸைச் (அட்டவணையின் வரிசைப்படுத்திய அடுக்கு) சேர்ந்தவை என்ற எண் வாரியாகப் பிரித்து வைக்கும். அட்டவணையின் அமைப்பு கையிலிருந்தால் அந்தப் பக்கங்களிலிருந்து வரிகளைப் படித்தெடுக்கலாம்.