ஆஃப்ரோடு போக ஒரு பழைய பிக்கப் வாங்கி மாற்றியமைக்க ஆசை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

டொயோட்டா ஹைலக்ஸா, இசுசு டி-மேக்ஸா, ஃபோர்டு ரேஞ்சரா என்று மூன்று பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். தினசரி ஓட்ட வேறு வண்டி இருக்கிறது, இது வார இறுதியில் காடு மேடு சுற்ற மட்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே நல்ல அடித்தளம்தான். மூன்றிலும் ஏணி மாதிரி தனி சேஸி இருக்கும். அதன்மேல் கேபினும் பின்தொட்டியும் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே பெயரை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விற்பனைக்கு நிற்கிற அந்த ஒரு வண்டியின் சேஸி எப்படி இருக்கிறது, லோ ரேஞ்ச் (மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு நான்கு சக்கரத்தையும் ஓட்டும் கியர் நிலை) ஒழுங்காக விழுகிறதா, இதற்கு முன் யார் யார் கை வைத்தார்கள், நான் பார்ப்பது இவ்வளவுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் பிக்கப் ஏற்கெனவே யாரோ ஆசையாகக் கட்டிய வண்டி. 33 அங்குல டயர், வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட், கூரையில் விளக்கு வரிசை. அரை மணி நேரத்தில் விலை பேசி முடித்துவிட்டேன். மூன்றாவது பயணத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தது. மெக்கானிக் அடியில் படுத்து, ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் இருந்த சேற்றைத் துடைத்து, கருப்பு பெயிண்டைச் சுரண்டினார். கீழே ஒரு பழைய வெல்டிங். அதன் பக்கத்திலேயே விரல் நீளத்துக்குப் புது விரிசல். பெரிய டயர் போட்டால் ஸ்டியரிங் பாக்ஸைத் தாங்குகிற உலோகத்துக்கு இழுவை கூடும். பலப்படுத்தாமல் டயரை மட்டும் மாற்றியதன் பலன் அது. விளக்கு வரிசைக்கு இழுத்திருந்த ஒயரில் ஃபியூஸே இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. முந்தையவர் செய்ததையெல்லாம் அவிழ்க்கவே எனக்கு ஒரு வருஷம் போனது.

இரண்டாவது தடவை, சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த சாதாரண வண்டியாகத் தேடினேன். தொட்டியெல்லாம் சொட்டை, சீட் கிழிசல், ஆனால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. இன்றுவரை அதுதான் ஓடுகிறது. நீங்களும் யாரும் மாற்றியமைக்காத வண்டியையே தேடுங்கள். தொட்டியில் சொட்டை இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, எப்படியும் நீங்கள் இன்னும் நான்கு வைக்கத்தான் போகிறீர்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு திருப்புளி, சின்ன சுத்தியல், டார்ச், தரையில் விரிக்கப் பழைய சாக்கு எடுத்துப் போங்கள். சேஸியை நீளவாக்கில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பேசும், உள்ளே அரித்துப்போனது ‘தொப்’ என்று அமுங்கும். கேபினுக்குப் பின்புறம், பெட்ரோல் அல்லது டீசல் தொட்டிக்கு மேலே, பின் ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் கொக்கிகளின் பக்கம் ஆகிய இடங்களில்தான் மண்ணும் ஈரமும் தேங்கும். அங்கே திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் சேஸிக்குள் முனை சத்தமே இல்லாமல் இறங்கியது. விற்றவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பேச்சு அதோடு முடிந்தது. அடிப்பகுதி மட்டும் புதுக் கருப்பு பெயிண்டில் பளபளத்தால் எனக்குச் சந்தேகம் வரும். பிராண்டு பெயர் துருவிடம் செல்லாது. அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரை வந்த டகோமா என்ற டொயோட்டா பிக்கப்களின் சேஸி துருப்பிடித்து, டொயோட்டாவே 2008இல் அதற்காக உத்தரவாதத்தை 15 ஆண்டாக நீட்ட வேண்டியிருந்தது.

அடியில் படுத்திருக்கும்போதே முன் ஆக்சிலில் டிஃபெரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) இருக்கிறதா, அதற்கு ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் (சக்தியைக் கொண்டுபோகும் சுழலும் தண்டு) போகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ஹை-ரைடர் மாதிரியான பெயர்களில் ரேஞ்சரிலும் டி-மேக்ஸிலும் பின் சக்கரங்கள் மட்டுமே இயங்கும் உயரமான வண்டிகள் வந்திருக்கின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ஓட்டிப் பார்க்கும்போது இளகிய மண்ணுக்குக் கொண்டுபோங்கள். காய்ந்த தார் சாலையில் பார்ட்-டைம் ஃபோர் வீலை (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் ஓட்டும் அமைப்பு) போட்டு வளைத்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து வண்டி முறுக்கிக்கொள்ளும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மண்ணில் ஹை ஃபோர் (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர நிலை) போட்டுக் கொஞ்ச தூரம் போய், நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து லோ போடுங்கள். வருஷக்கணக்கில் தொடாமல் விட்ட லிவர் இறுகியிருக்கும். முதல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்தி விடும்போது லோவிலிருந்து துள்ளி வெளியே வந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பிரிக்க வேண்டிய செலவு காத்திருக்கிறது. டிஃபெரன்ஷியல் ஆயிலையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வெளிறிப் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

லோ ரேஞ்சுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. கியர் ரேஷியோ (விகிதம்) முதல் கியரில் 4, லோவில் 2.5, ஆக்சிலில் 4.1 என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கினால் 41. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 41 சுற்று சுற்றுகிறது. பாறைமேல் பிரேக்கைத் தொடாமல் ஊர்ந்து இறங்குவது இந்த எண்ணின் தயவில்தான். இப்போது 29 அங்குல டயரைக் கழற்றி 33 போட்டால் அந்த 41, கிட்டத்தட்ட 36 ஆகிவிடும். ஆக்சில் கியரையும் மாற்ற வேண்டுமா என்று அப்போது யோசிக்க வேண்டிவரும். எனவே வாங்கும்போதே எந்த ரேஷியோ என்று கேட்டுவையுங்கள்.

முன்பக்கம் முழு ஆக்சில் (இரு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைப்பது) வேண்டுமா, தனித்தனி சஸ்பென்ஷன் போதுமா என்பது இந்த வட்டாரத்தில் தீராத சண்டை. பழைய ஹைலக்ஸை ஆட்கள் தேடி அலைவது அந்த முழு ஆக்சிலுக்காகத்தான். அமெரிக்காவில் 1985 மாடலோடு அது போய்விட்டது. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மறு சக்கரத்தைத் தரையில் அழுத்தும், அதுதான் அதன் பலம். நீங்கள் மண், மணல், சேறு என்று போகப்போகிறீர்கள் என்றால் தனித்தனி சஸ்பென்ஷனே வேகத்தில் சுகம். 40 வயது வண்டியை அதற்காக வாங்க மாட்டேன். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டியும் வேண்டாம். செங்குத்தில் மிதவை அறையில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சரியாக வேண்டாத இடத்தில் இன்ஜின் நின்றுபோகும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் வையுங்கள். முதலில் பேரிங், புஷ், பிரேக் எல்லாம் சரி செய்யுங்கள், அப்புறம் நல்ல டயர். முழு ஆக்சில் வண்டியில் லிஃப்ட் கிட் எவ்வளவு போட்டாலும் டிஃபெரன்ஷியல் இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். அதைத் தூக்குவது டயர் மட்டும், அதுவும் கூடுகிற விட்டத்தில் பாதி அளவு. பிக்கப்புக்குப் பின்னால் எடை கிடையாது, ஸ்பிரிங் பட்டையும் கெட்டி. அதனால் பின் சக்கரம் ஒன்று சட்டென்று அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுற்றும். பின் ஆக்சிலில் இரு சக்கரத்தையும் சேர்த்தே சுற்ற வைக்கும் லாக்கர் ஒன்று போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். காசே ஆகாத வேலை ஒன்றும் உண்டு. டயரில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருப்பதை 18க்கு இறக்கிப் பாருங்கள், அதே வண்டிதானா என்று தோன்றும். திரும்பி வரும்போது ஏற்ற ஒரு கம்ப்ரசர் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, முன்னும் பின்னும் சேஸியில் போல்ட் செய்த இழுவைக் கொக்கிகள் போடாமல் கிளம்பவே கூடாது. டிரெய்லர் மாட்டும் பந்தில் இழுவைப் பட்டையைக் கோத்து இழுத்து, அந்தப் பந்து பிய்த்துப் பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். மணலிலும் மெதுவான ஏற்றத்திலும் ஆட்டோமேட்டிக் நிஜமாகவே சுலபம், ஆயில் சூடாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் மேனுவல் வைத்திருப்பது பழக்க தோஷம்.