கார்ட்டூன் கடலும் உண்மைக் கடலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன் ஓடினால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். கடலைப் பற்றிய தொடர்தானே, நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும் என்று நானும் தடுக்கவில்லை. சென்ற வாரம் மீன் சந்தையில் பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) பார்த்தவள், ஒவ்வொரு காலாகத் தொட்டு எண்ணிவிட்டு, "இதற்கு ஆறுதானே இருக்க வேண்டும், எப்படி எட்டு இருக்கிறது?" என்று மீன் விற்கும் அம்மாவிடமே கேட்டுவிட்டாள். இத்தகைய தொடர்கள் கடலைப் பற்றித் தவறாகக் கற்றுக்கொடுக்கின்றனவா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் மகள் கார்ட்டூனில் கண்டதை நேரில் எண்ணிச் சரிபார்த்திருக்கிறாள் என்பதை முதலில் பாராட்டிவிடுங்கள். அவள் ஆறு என்று நம்பியதற்குக் காரணம், அந்தத் தொடரில் எப்போதும் சிடுசிடுக்கும் ஸ்க்விட்வார்ட். பெயரைக் கேட்டால் ஊசிக்கணவாய் (ஸ்க்விட்) என்று தோன்றினாலும், அது பேய்க்கணவாய்தான். எட்டும் வரைந்தால் உருவம் பாரமாகத் தெரியும் என்பதால் ஆறோடு நிறுத்திக்கொண்டதாக அதை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க்கே விளக்கியிருக்கிறார்.

ஹில்லன்பர்க் கடலறியாதவர் அல்லர். 1980-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரையில், டானா பாயின்ட் என்னும் ஊரிலிருந்த கடல்சார் கல்வி நிறுவனம் ஒன்றில் மாணவர்களுக்குக் கடல் உயிரியல் கற்பித்த ஆசிரியர் அவர். கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் நீரில் வாழும் உயிரினங்களைப் பற்றி, அந்த மாணவர்களுக்காகவே ஒரு படக்கதையைத் தாமே எழுதி வரைந்தார். பிற்பாடு அசைவூட்டக் கலை படித்து, 1999-ல் ஸ்பாஞ்ச்பாப் தொடரைத் தொடங்கினார். முதலில் கடற்பஞ்சான நாயகனை இயற்கையான கடற்பஞ்சின் ஒழுங்கற்ற வடிவில் வரைந்து பார்த்துவிட்டு, பிறகுதான் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சதுரப் பஞ்சின் வடிவத்துக்கு மாற்றினார். நகைச்சுவைக்காக உண்மையை எந்த இடத்தில் வளைக்கிறோம் என்பதை அறிந்தே வளைத்தவர் அவர். அதனால்தான் அந்தத் தொடரில் சில உண்மைகள் ஓசையில்லாமல் தங்கியிருக்கின்றன. கை போனால் நாயகனுக்கு மறுபடியும் முளைப்பது அவற்றுள் ஒன்று. உண்மையான கடற்பஞ்சு இதைவிடவும் வியப்புக்குரியது. 1907-ல் எச்.வி. வில்சன் என்ற ஆய்வாளர், உயிருள்ள கடற்பஞ்சை நுண்ணிய துணியில் இட்டுப் பிழிந்து செல்களைத் தனித்தனியாகப் பிரித்தபோது, அவை மீண்டும் ஒன்றுகூடிப் புதிய பஞ்சாக உருப்பெற்றன. மூளையோ நரம்போ வயிறோ இல்லாத அந்த விலங்கு, உடலெங்கும் உள்ள துளைகளின் வழியே நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணிய உணவை வடிகட்டி உயிர்வாழ்கிறது. அது செடியன்று, விலங்கு என்பதே பெரியவர்கள் பலருக்குப் புதிய செய்தி.

தவறாகக் கற்கிறார்களா என்ற உங்கள் கேள்விக்கு என் கருத்து இது: அப்பட்டமான பொய்யால் தீங்கில்லை, உண்மைபோலத் தோன்றும் பொய்யால்தான் தீங்கு. நத்தை பூனைபோல் கத்துவதையும் கடலுக்கடியில் தீ எரிவதையும் 6 வயதுக் குழந்தை வேடிக்கை என்று புரிந்துகொண்டு சிரிக்கிறது. பேய்க்கணவாய்க்கு ஆறு கால்கள் என்பதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லையாதலால், அது அப்படியே மனத்தில் பதிந்துவிடுகிறது. விலங்குகள் மனிதரைப்போல எண்ணுவதாகவும் வருந்துவதாகவும் காட்டுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. பட்ரீசியா கனியாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத விலங்குகளைப் பற்றிய படப்புத்தகங்களைச் சிறு குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினர். விலங்குகளை மனிதரைப்போலச் சித்திரித்த புத்தகங்களைக் கேட்ட குழந்தைகள், அந்த விலங்குகளைப் பற்றிய உண்மைகளைக் குறைவாகவே கற்றுக்கொண்டார்கள். மனித இயல்புகளை உண்மையான விலங்குகள்மீது ஏற்றிச் சொல்லவும் செய்தார்கள்.

ஆகவே தொடரை நிறுத்த வேண்டியதில்லை. அதைப் பாடம் என்று எண்ணி விட்டுவிடவும் வேண்டாம். நட்சத்திர மீன், நண்டு, மிதவையுயிரி என்று பல உயிரினங்களின் பெயர்களையும் அவற்றின்மீது ஒரு பாசத்தையும் உங்கள் மகளுக்கு அது கொடுத்திருக்கிறது. மீதியைச் சந்தையில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு உங்கள் ஊரில் அன்றாடம் கிடைக்கிறது. அடுத்த முறை பேய்க்கணவாயின் கையிலுள்ள உறிஞ்சு கிண்ணங்களை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மூன்று இதயங்கள் உண்டு, இரத்தம் நீல நிறம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் சில பகுதிகளை அறிவியல் வகுப்பில் காட்ட விரும்புகிறேன். எதை நம்பிக் காட்டலாம், எதைத் திருத்திச் சொல்ல வேண்டும்?
— ஓர் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: காணாமல் போன மகன் நீமோவைத் தேடிச் செல்லும் தகப்பன் கோமாளி மீனின் கதை அது. 2003-ல் வெளியான அந்தப் படத்துக்கு மீன் உயிரியலாளர் ஆடம் சம்மர்ஸ் அறிவியல் ஆலோசகராக இருந்தார். பவளத்திட்டுக் காட்சிகளில் கெல்ப் என்னும் நெடிய கடற்பாசியை வரைந்து வைத்திருந்தார்கள். கெல்ப் குளிர்ந்த நீரில் வளர்வது, வெப்பமண்டலப் பவளத்திட்டில் அதற்கு இடமில்லை என்று கடல் ஆய்வாளர் ஒருவர் சொன்னதால், முடித்து வைத்திருந்த காட்சிகளிலிருந்து அதை நீக்கினார்கள். பின்னணியில் ஆடும் ஒரு பாசிக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்களின் படம் என்பதால், அதன் காட்சிகளை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம். கோமாளி மீன், பூப்போலத் தோன்றும் விலங்கான கடல் சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கு நடுவே பாதுகாப்பாக வாழ்வது உண்மை. ஆண் மீன் முட்டைகளைக் காவல் காத்துப் பேணுவதும் உண்மை. ஆமைகள் பயணம் செய்யும் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டமும் நிலப்படத்தில் காட்டக்கூடிய உண்மையான நீரோட்டமே.

திருத்த வேண்டியது, கதையின் அடித்தளமான தந்தை–மகன் உறவை. ஒரு கடல் சாமந்தியில் வாழும் கோமாளி மீன் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அதற்கு அடுத்த அளவினது அதன் இணையான ஆண். எஞ்சியவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. பெண் இறந்துவிட்டால் இணையான ஆண் பெண்ணாக மாறிவிடும். சிறியவற்றுள் பெரியது முதிர்ந்து ஆணின் இடத்துக்கு வரும். படத்தில் தாய் மீன் இறந்த பிறகு நடந்திருக்க வேண்டியது இதுதான். மேலும், முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி தகப்பனோடு தங்குவதில்லை. நீரோட்டத்தில் மிதந்து போய், சில நாட்கள் திறந்த கடலில் அலைந்து, பிறகு வேறொரு கடல் சாமந்தியைத் தேடிக் குடியேறுகிறது. பத்து வயதுக் குழந்தைகளிடம் இதைச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். அளவும் வரிசையுமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் அவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். படத்தில் உள்ளதைவிட உண்மை பெரிய கதை என்பது அவர்களுக்கே விளங்கும்.

எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஷலோம் ஃபிஷ் என்ற ஆய்வாளர் 2000-ல் முன்வைத்த விளக்கம் உதவும். குழந்தையின் கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு; கதையைப் பின்தொடர்வதற்கே அதில் பெரும்பகுதி செலவாகிறது. அறிவியல் செய்தி கதையின் முடிச்சிலேயே இருந்தால் கதையோடு சேர்ந்து உள்ளே போகிறது. ஓரமாக ஒட்டவைத்திருந்தால் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு செய்தியை விட்டுவிடுகிறது. நீமோவின் தகப்பன் சிட்னி சென்று சேர்வதற்கு நீரோட்டம் தேவைப்படுகிறது. ஆகவே அந்தக் காட்சி பாடத்துக்கு உகந்தது. 2010-ல் பிபிசியின் சிபீபீஸ் அலைவரிசையில் தொடங்கிய ஆக்டோநாட்ஸ் தொடரும் இதைச் செய்கிறது. ஒவ்வொரு கதையிலும் உண்மையான ஓர் உயிரினத்தின் இயல்பு சிக்கலுக்கோ தீர்வுக்கோ காரணமாகிறது. முடிவில் அதே உயிரினத்தைப் பற்றிய செய்திகளைப் பாட்டாகத் தொகுத்துச் சொல்கிறார்கள். சிறு வகுப்புகளுக்கு நான் நீமோவைவிட இதையே பரிந்துரைப்பேன்.

காட்சியை ஒரு முறை நிறுத்தாமல் ஓட விடுங்கள். இரண்டாம் முறை இடையிடையே நிறுத்தி, "இது மெய்யா, கதைக்காகவா?" என்று கேளுங்கள். திரும்பக் காட்டுவது வீண் என்று எண்ண வேண்டாம். ப்ளூஸ் க்ளூஸ் என்ற தொடரின் ஒரே பகுதியை ஐந்து நாட்கள் தொடர்ந்து பார்த்த மழலையர், ஒரே முறை பார்த்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டதை 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கேள்வி: ஒன்பது நிமிடம் ஸ்பாஞ்ச்பாப் பார்த்தாலே குழந்தையின் மூளைத்திறன் குறைந்துவிடும் என்று படித்தேன். என் மகனுக்கு 4 வயது. பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் படித்தது 2011-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியான, வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வைப் பற்றியது. 4 வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒன்பது நிமிடம் ஸ்பாஞ்ச்பாப் காட்டினர். இன்னொரு குழு மெதுவாக நகரும் கல்வித் தொடரைப் பார்த்தது. மூன்றாவது குழு படம் வரைந்தது. உடனே வைத்த சோதனைகளில் முதல் குழு, கவனத்தைக் கட்டுப்படுத்துவதிலும் பொறுமையாகக் காத்திருப்பதிலும் பின்தங்கியது. அந்த ஆய்வு அளந்தது பார்த்து முடித்தவுடன் இருந்த நிலையை மட்டுமே. நிரந்தரமான பாதிப்பு எதையும் அது நிறுவவில்லை. எனவே பயம் வேண்டாம். ஆனால் படிக்க உட்கார வைப்பதற்குச் சற்று முன்பு வேகமான கார்ட்டூனைப் போடாதீர்கள். கடலைப் பற்றி அறிய வேண்டும் என்றால், இந்த வயதுக்கு நிதானமாக நகரும் தொடரே பொருந்தும். நீங்களும் பக்கத்தில் அமர்ந்து பார்த்துப் பேசுவது அதைவிட முக்கியம்.

கேள்வி: என் மகன் நீமோவையும் டோரியையும் வீட்டில் வளர்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். இந்தப் படங்களே பவளத்திட்டு மீன்களுக்கு எமனாகிவிட்டன என்கிறார்களே?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: அப்படித்தான் பரவலாக எழுதினார்கள். ஆனால் 2016-ல் வெளியான 'ஃபைண்டிங் டோரி' படத்தை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், டோரியின் இனமான நீல மீனின் இறக்குமதி படத்தால் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மீனைப் பற்றிய இணையத் தேடல்தான் உயர்ந்திருந்தது. பார்த்த பிள்ளைகள் வாங்க ஓடியதைவிடத் தெரிந்துகொள்ள விரும்பியதே அதிகம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். இருந்தாலும் டோரியை வாங்கித் தராதீர்கள். அந்த இனத்தை வளர்ப்புத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பதில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் வெற்றி பெற்றதே 2016-ல்தான். கடைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவையே. கோமாளி மீனை வளர்ப்பகத்தில் இனப்பெருக்கம் செய்விப்பது எளிது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்திலேயே அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் உப்புநீர்த் தொட்டியைப் பராமரிப்பது நன்னீர்த் தொட்டிபோல் எளிதன்று. உப்பின் அளவையும் வெப்பத்தையும் இடைவிடாமல் கவனிக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஆளும் நேரமும் உண்டு என்று உறுதியாகத் தெரிந்தால், வளர்ப்பகத்தில் பிறந்த மீன்தானா என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே வாங்குங்கள்.