சர்க்கரையும் மாற்று இனிப்பும்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையை விட்டுத் தேனுக்கு மாறிவிட்டேன் சார். இனி அளவு பார்க்கத் தேவையில்லைதானே?

பதில்: கட்டாயம் பார்க்க வேண்டும். தேனிலும் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனையும் பழச்சாற்றையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. ஒரு நாளைய கலோரியில் இவையெல்லாம் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. முழுப் பழம் இந்தக் கணக்கில் வராது, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: டயட் பானங்களில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு புற்றுநோய் வரவழைக்கும் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. பல வருடமாக டயட் கோலா குடிக்கிறேன்.

பதில்: உங்கள் பயம் புரிகிறது. அந்தச் செய்தி பாதியாகத்தான் பரவியது. 2023 ஜூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 2பி பிரிவில் வைத்தது. 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு' என்பதுதான் அந்தப் பிரிவு. ஒரு பொருளால் ஆபத்து வர வாய்ப்புண்டா என்று மட்டும் அந்த முகமை பார்க்கும். எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று சொல்வது அதன் வேலை இல்லை. அளவைப் பார்க்கும் நிபுணர் குழு அதே நாளில், நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றாமல் விட்டது. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டும். எப்போதாவது ஒரு கேன் குடிப்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் குடிப்பதை மட்டும் குறையுங்கள். அதிலுள்ள அமிலம் பல் எனாமலை அரிக்கும்.

பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமை அறவே தொடக்கூடாது. அதிலிருந்து வரும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை அவர்கள் உடலால் சரியாகச் சிதைக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் எடை குறைக்கச் செயற்கை இனிப்புக்கு மாறலாமா?

பதில்: அதை நம்பி இறங்காதீர்கள். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமே எடைக் கட்டுப்பாட்டுக்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. சர்க்கரைக்குப் பதில் இவற்றைச் சேர்த்தால் சில மாதங்களுக்கு எடை கொஞ்சம் இறங்குகிறது. நீண்ட காலத்தில் பலன் நிற்பதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தப் பரிந்துரை உள்ளடக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். என்னைக் கேட்டால், காபியில் இனிப்பை வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு பழகிவிடும்.

கேள்வி: 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் சாப்பிட்டால் வயிறு கலங்குகிறது, ஏன்?

பதில்: மால்டிடால், சார்பிட்டால் போன்ற மாற்று இனிப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அவை முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும், வாயுவையும் உண்டாக்கும். அப்புறம், அதிலுள்ள மாவும் குளுக்கோஸாகத்தான் மாறும். அட்டையில் மொத்த மாவுச்சத்து அளவைப் பாருங்கள்.

கேள்வி: இனிப்பு சாப்பிட்டால் குழந்தைகள் அடங்காமல் ஆடுவார்களாமே?

பதில்: இல்லை, ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. பற்களுக்காகக் குறையுங்கள், அது போதுமான காரணம்.

கேள்வி: அப்பா இன்சுலின் போடுகிறார். திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் கையிலிருக்கும் டயட் பானத்தைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! இந்த ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அந்த வியர்வையும் நடுக்கமும் இரத்தச் சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. செயற்கை இனிப்பு அதை ஏற்றாது. 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். இரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.