"யோசேப்பைப் போல மன்னி" என்கிறார்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் என்னை மிகவும் வருத்தியது. எழுதியவர்கள் எல்லோரும் வேதாகமத்தை நேசித்து வாசிக்கிறவர்கள். அவர்கள் கஷ்டத்தில் இருக்கும்போது யாரோ ஒருவர் வந்து, வேதாகமத்திலிருந்து ஒரு பெயரை எடுத்து அவர்கள் தோளில் பாரமாக ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். எலியாவைப் பார், யோசேப்பைப் பார், சாறிபாத் விதவையைப் பார் என்று. சரி, பார்ப்போம். ஆனால் அதிகாரத்தின் கடைசி வசனம் வரை பார்ப்போம். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர் யாரென்று தெரியாதபடி தந்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறாள். சபையில் ஒரு மூத்த சகோதரி, "எலியா ஜெபித்தபோது வானத்திலிருந்து அக்கினி இறங்கியதே, அந்தத் தேவனை நம்புகிற உனக்கு மாத்திரை எதற்கு?" என்று அவளிடமே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மருந்தை விட்டுவிடலாமா என்கிறாள். போன வாரம், செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னாள். நான் என்ன செய்வது? – ஒரு தாய்

பதில்: அம்மா, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்ன அந்த வார்த்தையை இன்றைக்கே அவளுடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று அவளிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அது அதிகமாகிவிடாது. அவளைத் தனியாக விடாதீர்கள். மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். வேளாவேளைக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள். மருத்துவர் சொல்லாமல் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனமும் இன்னும் மோசமாகலாம். இதையெல்லாம் செய்துவிட்டு, அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

நான் செவிலியராக வேலை பார்த்தவள். இரவுப் பணி முடிந்து படுக்கை விரிப்பை மாற்றும்போது, தலையணைக்கு அடியில் விழுங்காத மாத்திரைகளைப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால், முந்தின நாள் ஜெபிக்க வந்தவர் யாராவது "விசுவாசம் இருந்தால் இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அப்படிச் சொன்னவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். அந்த நோயாளியின் பக்கத்தில் விழித்திருந்தது நாங்கள். அதனால் இந்த விஷயத்தில் என்னால் மெல்லப் பேச முடியாது.

அந்தச் சகோதரி சொன்ன கர்மேல் சம்பவம் 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தை மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். அக்கினியைப் பார்த்த அதே எலியா, ராணி யேசபேல் அனுப்பிய ஒரே ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போகிறான். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். உங்கள் மகள் சொன்னதும் இதைத்தானே?

இதற்குக் கர்த்தர் என்ன செய்தார்? திட்டவில்லை. நேற்று அக்கினி இறங்கியதை ஞாபகப்படுத்தவுமில்லை. தூங்கவிட்டார். ஒரு தூதன் தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டவன் மறுபடியும் படுத்துக்கொண்டான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். "அதுதான் சாப்பிட்டாயே, இன்னும் என்ன படுக்கை?" என்று யாரும் கேட்கவில்லை. தூதன் இரண்டாம் தரம் வந்து, போக வேண்டிய பயணம் வெகுதூரம் என்று சொல்லி மறுபடியும் சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. அங்கேயும் எலியா தன் மனக்குறையை இரண்டு தரம், ஒரே வார்த்தைகளில் கொட்டுகிறான். கர்த்தர் இரண்டு தரமும் கேட்கிறார். பிறகுதான், பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இருக்கிறார்கள் என்கிறார். கூடவே, அவனுக்குப் பின் தீர்க்கதரிசியாகும் எலிசாவையும் கொடுக்கிறார்.

மருந்தைப் பற்றி இன்னும் ஒன்று. எசேக்கியா ராஜா சாகும் நிலையில் இருந்தபோது அவன் ஜெபத்தைக் கேட்டு, குணமாக்குவேன் என்றும் 15 வருஷம் கூட்டித் தருவேன் என்றும் கர்த்தர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைச் சொன்ன ஏசாயா தீர்க்கதரிசியே, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னார்; அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் இருந்தது, மருந்தும் இருந்தது. அந்தச் சகோதரிக்கு யாராவது இந்த இரண்டு பகுதிகளையும் அன்பாக வாசித்துக் காட்டினால் நல்லது. அந்த வேலையை உங்கள் மகள்மேல் போடாதீர்கள். அவளுக்கு இப்போது வேண்டியது தூக்கம், சாப்பாடு, மருந்து, பக்கத்தில் ஒரு ஆள்.

கேள்வி: எங்கள் பெற்றோர் விட்டுப்போன சொத்தில் என் பங்கை அண்ணன் என் கையெழுத்தைப் போலியாகப் போட்டு விற்றுவிட்டார். பல வருஷங்களுக்குப் பிறகு இப்போது வந்து மன்னிப்புக் கேட்டு அழுதார். நானும் மன்னித்தேன். அடுத்த வாரமே, தொழில் தொடங்க வாங்கும் கடனுக்கு என்னை ஜாமீன் நிற்கக் கேட்கிறார். தயங்கினேன். "யோசேப்பு அண்ணன்மாரை மன்னித்து வாழ வைத்தானே, உன் மன்னிப்பு உண்மையானால் கையெழுத்துப் போடு" என்கிறார்கள். – தங்கை

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் யோசேப்பின் கதையையே ஆதாரமாக வைத்து மறுக்கலாம்.

யோசேப்புக்கு 17 வயதாக இருந்தபோது கதை தொடங்குகிறது. அண்ணன்மார் அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். 30 வயதில் அவன் எகிப்து ராஜாவாகிய பார்வோனுக்கு முன்பாக நின்று, அந்த நாட்டுக்கே அதிகாரியாகிறான். செழிப்பான 7 வருஷங்களும் பஞ்சத்தில் 2 வருஷங்களும் போனபின் தன்னை வெளிப்படுத்துகிறான். ஆகக் கிட்டத்தட்ட 22 வருஷம். ஆனால் அண்ணன்மார் தானியம் வாங்க முதல்தடவை வந்து தரையில் விழுந்து வணங்கியபோதே அவன் அவர்களை அடையாளம் கண்டுகொண்டான். அப்போது ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. கடுமையாகப் பேசினான். மொழிபெயர்ப்பாளனை நடுவில் வைத்துக்கொண்டு, அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டான். தனியாகப் போய் அழுதுவிட்டு வந்து, அவர்களில் ஒருவனான சிமியோனைப் பிடித்துக் கட்டுவித்தான். சிமியோனைக் கட்டுவித்த அன்றே அவர்கள் சாக்குகளைத் தானியத்தால் நிரப்பி, அவர்கள் கொடுத்த பணத்தையும் உள்ளே திரும்ப வைத்து, வழிக்கு ஆகாரமும் கொடுத்து அனுப்பினான். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் சகோதரி. அவர்கள் பட்டினி கிடக்க அவன் விடவில்லை. தான் யாரென்று சொல்லவும் இல்லை.

எப்போது சொன்னான்? கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில், யோசேப்பே வைக்கச் சொல்லியிருந்த வெள்ளிப்பாத்திரம் அகப்பட்டபோது, அண்ணன்மாரில் ஒருவனான யூதா முன்வந்து, "தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன், அவனை விட்டுவிடும்" என்று கெஞ்சுகிறான். யோசேப்பை விற்றுவிடலாம் என்று முதலில் யோசனை சொன்னவன் இதே யூதா. ஆதியாகமம் 37-ஐயும் 44-ஐயும் அடுத்தடுத்து வாசித்தால் தெரியும். ஒரு தம்பியை விற்றவன் இன்னொரு தம்பிக்காகத் தன்னையே கொடுக்கத் தயாராகிவிட்டான். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் யோசேப்பு அடக்க முடியாமல் சத்தமிட்டு அழுதான்.

உங்கள் அண்ணனிடம் இந்த மாற்றம் தெரிகிறதா? வரி வசூலித்த சகேயு மனந்திரும்பிய நாளில், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். உங்கள் அண்ணன் நாலத்தனையாகக் கொடுக்க வேண்டாம், எடுத்ததில் ஒரு பகுதியைப் பற்றியாவது பேசினாரா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அழுதார், அப்புறம் இன்னொரு கையெழுத்தைக் கேட்டார். அவர் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பிறர் கடனுக்குப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் 22 எச்சரிப்பது, சொந்த அண்ணனுக்கும் பொருந்தும் என்று மட்டும் சொல்கிறேன்.

அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவ முடிந்தால் உதவுங்கள். திரும்ப வராது என்று தெரிந்தே கொடுக்கக்கூடிய அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள். "அண்ணா, நான் உன்னை மன்னித்தது நிஜம். ஜாமீன் கையெழுத்து மட்டும் போட மாட்டேன்" என்று ஒரே தரம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும்.

கேள்வி: இரண்டு வேலைகளில் எதை எடுப்பது என்று தெரியவில்லை. கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்தேன். வந்தது ஒரு வம்ச அட்டவணை. கிதியோனைப் போல ஒரு அடையாளம் கேட்கலாமா? – 27 வயது வாசகர்

பதில்: தம்பி, நியாயாதிபதிகள் 6-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று கிதியோன் அடையாளம் கேட்பதற்கு முன்பே, என்ன செய்ய வேண்டும் என்று கர்த்தர் அவனுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். "நீர் சொன்னபடி" என்று அவனே ஜெபத்தில் ஒப்புக்கொள்கிறான். அவனுக்கு வழி தெரியாமல் இல்லை, பயம் இருந்தது. அந்தப் பயத்தைக் கர்த்தர் பொறுத்துக்கொண்டது எனக்கு ஆறுதலான விஷயம். ஆனால் உங்கள் கேள்விக்கு அந்தக் கதை பதில் அல்ல. அதைவிட அப்போஸ்தலர் 15 உங்களுக்கு உதவும். ஒரு கடினமான முடிவுக்காகக் கூடி, வெகுநேரம் தர்க்கம் செய்து, அனுபவப்பட்டவர்கள் சொன்னதைக் கேட்டு, வசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். இரண்டு வேலைகளிலும் இருப்பவர்களிடம் போய்ப் பேசுங்கள். எது உங்களைப் பொய் சொல்ல வைக்கும், எது ஓய்வுக்கும் ஆராதனைக்கும் குடும்பத்துக்கும் இடம் தரும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுமே நல்ல வேலை என்றால், ஜெபித்துவிட்டுப் பிடித்ததை எடுங்கள்.

கேள்வி: கணவர் வேலையிழந்ததிலிருந்து கடன் ஏறிக்கொண்டே போகிறது. நான் பிரசங்கம் கேட்கும் ஒரு ஊழியர், "சாறிபாத் விதவை கடைசி மாவை முதலில் தீர்க்கதரிசிக்குக் கொடுத்தாள், நீயும் முதலில் கொடு, கடன் மறையும்" என்கிறார். இந்த மாதத் தவணைக்கு வைத்திருக்கும் பணத்தைக் காணிக்கையாக அனுப்பலாமா? கணவர் வேண்டாம் என்கிறார். அவருக்கு விசுவாசம் குறைவோ என்று தோன்றுகிறது. – பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கணவர் சொல்வது சரி. அந்தப் பணம் கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது.

அந்த விதவையின் வீட்டுக்கு எலியா எப்படி வந்தான்? கேரீத் ஆறு வற்றிப்போய், தானும் பசியோடு வந்தான். அந்த வீட்டுக்குப் போகச் சொன்னது கர்த்தர். பானையின் மா தீராது, எண்ணெய் குறையாது என்று அந்த ஒரு பெண்ணுக்குக் கர்த்தரே கொடுத்த வாக்கை அவன் சொன்னான். வாங்கிக்கொண்டு போய்விடவும் இல்லை. "அவளும், இவனும், அவள் வீட்டாரும் அநேகநாள் சாப்பிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறது. அதே பானை, அதே மாவு. அவள் மகன் இறந்தபோது அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், தன் கட்டிலில் கிடத்திக் கதறினவனும் அவன்தான். உங்களிடம் கேட்கிறவருக்கு உங்கள் வீட்டுக் கஷ்டம் தெரியுமா? உங்கள் கணவரின் பெயராவது தெரியுமா?

கடனில் மூழ்கிய ஒரு பெண்ணின் கதையே வேதாகமத்தில் இருக்கிறது, 2 இராஜாக்கள் 4-இல். கணவன் இறந்துவிட்டான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்துவிட்டான். எலிசா அவளிடம், "உன் வீட்டில் என்ன இருக்கிறது?" என்று கேட்டான். அண்டை அயலாரிடம் பாத்திரங்கள் வாங்கச் சொன்னான். எண்ணெய் பெருகியபின் அவன் சொன்னதைப் பாருங்கள்: விற்று, கடனைத் தீர்த்து, மீதியில் நீயும் உன் பிள்ளைகளும் பிழையுங்கள். இதில் எலிசாவுக்கு என்று ஒரு துளிகூட இல்லை. அடுத்த அதிகாரத்தில், எலிசா சொன்னபடி செய்து குஷ்டம் நீங்கிய நாகமான் வற்புறுத்திக் கொடுத்ததையும் அவன் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடி வெள்ளியும் உடைகளும் வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு என்ன நடந்தது என்று நீங்களே வாசியுங்கள்.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையையும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவளுடைய மனம் பெரியது, சந்தேகமே இல்லை. மாற்கு 12-இல் அதற்குச் சற்று முன்னாலேயே, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் குறித்து இயேசு எச்சரித்தார். அந்த வசனத்தை விட்டுவிட்டு இந்த வசனத்தை மட்டும் எடுத்து ஏழைகளிடம் பணம் கேட்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

தவணையைக் கட்டுங்கள். முடியாத மாதத்தில், நாள் தவறுவதற்கு முன்பே நேரில் போய்த் தவணையைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ கேளுங்கள். மொத்தக் கடன் எவ்வளவு, எதற்கு வட்டி அதிகம் என்று கணவரும் நீங்களும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எலிசா கேட்ட அதே கேள்வியை வீட்டில் கேட்டுப் பாருங்கள்: விற்கக்கூடியது என்ன, உங்களில் யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும், யாரிடம் எதை இரவல் வாங்கலாம்? உங்கள் சபையில் தேவையிலிருப்பவர்களுக்கென்று உதவி நிதி இருந்தால் போதகரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆதி சபையில் குறைவுபட்டவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். இப்போது வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருப்பது நீங்கள். கணவரிடம் இன்றைக்கே, "நீங்கள் சொன்னது சரிதான்" என்று சொல்லிவிடுங்கள். வேலையில்லாமல் இருக்கும் மனிதருக்கு அந்த வார்த்தை ரொம்பத் தேவை.