திரிதிரியாக வரும் ஃபவுண்டேஷன்

புது ஃபவுண்டேஷன், அதற்கு முன் அடியில் பூசும் பிரைமருக்கு மேல் அழுக்கு உருட்டிய மாதிரி திரிதிரியாக வருகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டின் பின்பக்கத்திலும் இருக்கும் சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். பிரைமரில் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் முன்வரிசையில் இருந்து, ஃபவுண்டேஷனில் தண்ணீர்தான் பிரதானம் என்றால், இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். புறங்கையில் ஆளுக்கொரு சொட்டு விட்டுக் குழைத்துப் பாருங்கள். திரிந்த பால் போலப் பிரிந்தால் விஷயம் அதுதான்.

என்னிடமும் ஒன்று இப்படித்தான் ஒரு வருடம் டிராயரில் தூங்கியது. அப்புறம் பிரைமரை விட்டுவிட்டு, சன்ஸ்கிரீன் போட்டு 10 நிமிடம் காயவிட்டு, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். தேய்க்கவே இல்லை. இப்போது என் செல்லமே அதுதான்!

உதட்டில் வெடிக்கிறது என்று நீங்கள் சொன்ன அந்த மேட் (பளபளப்பில்லாத) லிப்ஸ்டிக்? அதற்கு அடியில் கொஞ்சம் லிப் பாம் தடவி ஒற்றிப் பாருங்கள். சரிவரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.